ஓசை தணித்த உறை

காப்புரிமைத் தாளில் நான்காவது பெயர் என்னுடையது.
ஆர்லிஸ் வான்டெஹே, விஸ்கான்சின்.
ஓர் எழுத்தை விழுங்கித்தான் அச்சடித்தார்கள்,
திருத்தக் கட்டணம் உண்டு என்றார்கள், விட்டுவிட்டேன்.

"ஒருமுறை அணிந்து எறியும் உறிஞ்சுபட்டைக்கான உறை;
பிரிக்கையில் எழும் விரும்பத்தகாத ஓசையைத்
தணிப்பது இதன் நோக்கம்."
விரும்பத்தகாத என்பது வழக்கறிஞரின் சொல்.
யாருக்கு என்று அவர் எழுதவில்லை.

ஃபாக்ஸ் ஆறு உறைந்து கிடந்த ஜனவரி.
ஆலையின் ஆவி மேலே ஏற மனமில்லாமல்
வண்டி நிறுத்துமிடத்தில் படுத்திருந்தது.
எங்கள் அறைக்கு எதிரொலி கிடையாது,
சுவரெங்கும் சாம்பல் நிற நுரைப் பற்கள்.
கதவைச் சாத்தினால்
கழுத்து நரம்பில் ரத்தம் நடப்பது கேட்கும்.
அதற்குள் உட்கார்ந்து
ஒரு குளிர்காலம் முழுக்க உறை பிரித்தேன்.

வழக்கமான பிளாஸ்டிக் தாள் அறுபத்தொரு டெசிபல்.
ராய்ஸ் குபியாக் நெய்யாத துணியை ஒட்டிப் பார்த்தான்:
ஐம்பத்து மூன்று.
பசையைக் கோடாக இழுக்காமல்
அம்மைத் தழும்புபோல் புள்ளி புள்ளியாக வைத்தோம்:
நாற்பத்து நான்கு.
"பூனை சோபாவை விட்டு இறங்குகிற சத்தம்!"
ராய்ஸ் துள்ளிய துள்ளலில் கண்ணாடி கழன்று விழுந்தது.
அது எழுபது இருக்கும்.

பிறகு ஆட்களை வைத்துச் சோதனை.
ஒட்டுப்பலகைத் தடுப்பு, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி,
ஆளுக்கு இருபது டாலர் மளிகைக் கூப்பன்.
கேள்வி ஏழு: சத்தம் உங்களைக் கூச வைத்ததா?
பால்பண்ணை லொரீன் ஷ்மிட்ஸ் எந்த எண்ணையும் வட்டமிடவில்லை.
ஓரத்தில் எழுதினாள்:
நாற்பது மாடு கத்துகிற இடத்தில் இதை யார் கேட்கப் போகிறார்கள்.

கடைசியாக டெஸ் வோயான், பதின்மூன்று வயது,
அம்மா கையெழுத்திட்ட படிவமும் முட்டிவரை காலுறையுமாக.
பழையதைக் கேட்டாள். புதியதைக் கேட்டாள்.
"நல்லா இருக்கு" என்றாள். கிளம்பவில்லை.

"எனக்கு முதல் தடவை வந்தது ஸ்கூல்ல.
கணக்கு பீரியட். கையில ஒண்ணும் இல்ல.
டாய்லெட்ல அப்படியே உட்கார்ந்திருக்கேன்,
பக்கத்துல சர்ருன்னு ஒரு சத்தம்.
ஓ, அவங்ககிட்ட இருக்கு.
கீழ் இடைவெளியில கைய நீட்டினேன்.
ஒண்ணு வச்சாங்க.
முகம் பார்க்கல, பச்சை நெயில் பாலிஷ் மட்டும்தான்.
இது வந்துட்டா
யார்கிட்ட இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இதர கருத்துகளுக்கு இரண்டு வரி.
பொடி எழுத்தில் நிரப்பி, தாளைத் திருப்பியும் எழுதினேன்.
மேலே போன அறிக்கையில்
அவள் 'திருப்தி' என்று ஒரு சொல்லானாள்.
அதைச் சுருக்கியதும் நான்தான்.

பதினோரு வருடம்.
எல்லாக் கடையிலும் இருக்கிறது, வெளிர் ஊதாவில்,
'உங்களுக்கு மட்டுமே தெரியும்' என்ற வரியோடு.

போன வெள்ளி, தேவாலய மண்டபத்தில் மீன் விருந்து.
வெளியே பீரும் பொரித்த எண்ணெய் வாசமும்.
உள்ளே பக்கத்துத் தடுப்பில்
காகித உருளை சுற்றுகிறது, நிற்கிறது,
மறுபடி சுற்றுகிறது, நீளமாக.
மடிப்பின்மேல் மடிப்பு.
அந்தச் சுற்றலை எந்த அறையிலும் அடையாளம் கண்டுவிடுவேன்.
தடுப்பின் கீழே ஒரு பனிக்காலணி,
கயிறு அவிழ்ந்தபடி, அசையாமல்.

என் கையில் உறை பிரிகிறது.
பூனை இறங்குகிறது.
அந்தப் பக்கம் ஒன்றும் கேட்டிருக்காது.

இன்னொன்றை எடுத்துத் தரையோரமாக நீட்டினேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"வேணுமா?" என்றேன்.
டைல்ஸ் சுவர் அதை நாலு தரம் திருப்பிச் சொன்னது.